ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் உச்சரிப்பு எழுதித் தர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கென்று 'சைலன்ட் ஈ' (சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ஊமை ஈ எழுத்து) சொற்பட்டியல் ஒன்று வெளியாகியிருந்தது. ஆங்கிலச் சொல், அதற்கு நேரே தமிழில் உச்சரிப்பு, அதற்கு நேரே பொருள் என மூன்று பத்திகள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த நடுப்பத்தி உதவியைவிடத் தொல்லையே அதிகம் தருகிறது. சேலம் நகரிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் தொடக்க வகுப்பு எடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, அது ஏன் தொல்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று எழுதுகிறோம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு வசதிக் குறிப்பு. இக்கடிதத்தில் ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே குறிக்கிறோம். தமிழில் எழுதும்போது 'பி' இரண்டு, 'டி' இரண்டு என்று குழம்பும். ஆகவே அந்த நான்கு எழுத்தும் வராத சொற்களாகப் பொறுக்கியிருக்கிறோம்.

பட்டியலில் எம்-ஏ-என் என்ற சொல்லுக்கு 'மேன்' என்று போட்டிருந்தது. அடுத்த வரியில் எம்-ஏ-என்-ஈ, அதற்கும் 'மேன்'. சி-ஏ-என் 'கேன்', சி-ஏ-என்-ஈ அதுவும் 'கேன்'. கடைசியில் ஈ வந்தால் ஓசை மாறும் என்று சொல்ல வந்த பட்டியல், மாறவே இல்லை என்று காட்டிவிட்டது. அச்சுக்கோத்தவர் மேல் பிழையில்லை. ஏ என்னும் எழுத்தின் குறுகிய ஓசைக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. அது எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் நிற்பது. அதை 'ஏ' என்று எழுதுவதைத் தவிர நமக்கு வழியில்லை. நீண்ட ஓசைக்கும் அதே 'ஏ'தான்.

ஆனால் அந்த ஓசை நம் காதுக்குப் புதிதல்ல. 'ஸ்கூல் வேன் வந்திருச்சு', 'தண்ணி கேன் காலி', 'ஃபேனைப் போடு' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். படிக்காத பாட்டிகூட 'வேன்' என்னும்போது வாய் சரியாகத்தான் திறக்கிறது. குழந்தையின் காதும் வாயும் அறிந்த அந்த ஓசையை, தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டியதும் கண் வந்து அழித்துவிடுகிறது. சொல்லின் தலைமேல் பென்சிலால் தமிழில் எழுதித் தருவது வீடுகளிலும் டியூஷன்களிலும் வழக்கம். எழுதிவிட்டால் குழந்தை ஆங்கில எழுத்தைப் பார்ப்பதே இல்லை, மேலே இருப்பதைப் படித்துவிட்டுப் போய்விடும். அழித்துவிட்டுப் படிக்கச் சொன்னால் திணறும்.

இன்னொரு பழக்கமும் இதைப்போலவே சிக்கலானது. குறுகிய உயிரோசையைக் 'குறில்' என்றும் நீண்டதை 'நெடில்' என்றும் வகுப்பில் சொல்லிவிடுகிறோம். தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததைச் சொல்வது நல்ல முறைதானே என்று தோன்றும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நீட்டினால் இகரம் ஈகாரமாகும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. எஃப்-ஐ-என் 'ஃபின்', மீனின் துடுப்பு. ஈ சேர்ந்தால் அது 'ஃபீன்' ஆவதில்லை, 'ஃபைன்' ஆகிறது. ஓசையின் நீளம் மட்டுமல்ல, ஓசையே வேறாகிவிட்டது. 'நெடில்' என்று கேட்ட பிள்ளை 'ஃபீன்' என்று படித்தால் அது நாம் சொன்னதைச் செய்கிறது என்றுதான் பொருள்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் குறில் நெடில் கணக்குத்தான் இருந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் என்-ஏ-எம்-ஈ என்ற சொல்லைக் கிட்டத்தட்ட 'நாமெ' என்றே சொன்னார்கள். கடைசி ஈ வாயில் ஒலித்தது. பிறகு அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. எழுத்து மட்டும் நின்றுவிட்டது. 1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற லண்டன் பள்ளித் தலைமையாசிரியர்தான் இந்த ஊமை ஈயின் வேலையை விதியாக வகுத்து எழுதியவர்களில் முக்கியமானவர். எழுதியதையெல்லாம் ஒலிக்கிற மொழியிலிருந்து வரும் நம் பிள்ளை, எழுத்து எழுத்தாகக் கூட்டி 'நாமெ' என்று படித்தால் அதட்ட வேண்டாம்.

இனி முறைக்கு வருகிறோம். அச்சிட்ட பயிற்சி ஏடுகள் பெரும்பாலும் ஏ வரிசையில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கு அது சரியாக இருக்கலாம். தமிழ்க் குழந்தைக்கு ஊமை ஈயை ஐ வரிசையில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் உள்ள வேறுபாடு நம் காதுக்குப் பளிச்சென்று தெரியும். ஃபின்-ஃபைன், வின்-வைன், ஸ்லிம்-ஸ்லைம், ஷின்-ஷைன் என்று நாலு ஜோடி கேட்டதுமே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஃபைவ், நைன், லைன், லைக், மைன், ஸ்மைல் என்று பொருள் தெரிந்த சொற்களும் இங்கேதான் நிறைய. அடுத்து ஓ வரிசை: ஹோம், நோஸ், கோன், ஹோல், ஸ்மோக். அதற்கும் பிறகே ஏ வரிசை: நேம், கேம், சேம், லேக், சேல். யூ வரிசை நான்காவது. அதில் 'யூஸ்', 'ஹ்யூஜ்' என்று ஓர் ஓசையும் 'ரூல்', 'ஜூன்' என்று ஓர் ஓசையும் இருப்பதால் பொறுமை வேண்டும். நடுவிலும் ஈ, கடைசியிலும் ஈ வரும் வரிசையில் சிறு குழந்தைக்குத் தேவையான சொற்கள் விரல்விட்டு எண்ணலாம். அதற்கு ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் ஊமை ஈக்குப் போகும் முன் குறுகிய ஓசைகள் ஐந்தும் உறுதிப்பட வேண்டும். அவசரம் இங்கேதான் கெடுக்கிறது. நாள்தோறும் 15 நிமிடம், ஓர் ஓசைக்குப் பத்து நாள் என்று வைத்தால் ஐந்து ஓசைக்கும் வேலைநாள் ஐம்பது. ஐயில் தொடங்கலாம், பிறகு ஓ, ஏ, யூ, கடைசியில் ஈ. ஏயையும் ஈயையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. மேன் என்ற ஒருமையும் மென் என்ற பன்மையும் காதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் தனித்தனியே உறுதியான பிறகு, எழுதாமல் கேட்டு மட்டும் விளையாட வேண்டும்: ஆசிரியர் ஒருமையைச் சொன்னால் ஒரு கை, பன்மையைச் சொன்னால் இரண்டு கை. ஏக்குத் தாடை நன்றாக இறங்கும், ஈக்குப் பாதிதான். மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால் விரல் கீழே போவது குழந்தைக்கே தெரியும்.

ஓவின் குறுகிய ஓசையை நாம் 'ஆ' என்று இழுத்துவிடுகிறோம். உதடு லேசாகக் குவிய வேண்டும், ஓசை சட்டென்று முடிய வேண்டும். எல்-ஓ-சி-கே பூட்டு, எல்-யூ-சி-கே அதிர்ஷ்டம். இந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பழகலாம். மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எஃப்-ஓ-ஜி என்ற சொல்லை விளக்கவே வேண்டாம், ஜன்னலைக் காட்டினால் போதும். சில்வர் ஓக் மரத்தை வெட்டி அடுக்கியிருப்பது எல்-ஓ-ஜி. யூ வரிசைக்குச் சன், ரன், மக், கம் (ஜி-யூ-எம்). எஃப்-யூ-எல்-எல் போல உகரமாக ஒலிக்கும் சொற்களை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

மூன்று கட்டம், மூன்று புளியங்கொட்டை. சிலேட்டில் கட்டம் போட்டு, 'சன்' என்று ஆசிரியர் சொன்னதும் குழந்தை ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு கொட்டையைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். பிறகு கொட்டையை எடுத்துவிட்டு எழுத்தை எழுத வேண்டும். கொட்டை எழுத்துக்கு அல்ல, ஓசைக்கு. இது ஊமை ஈ வரும்போது கைகொடுக்கும்: 'ஃபைன்' என்றாலும் கொட்டை மூன்றுதான், எழுத்து மட்டும் நான்கு. நான்காவதுக்குத் தனிக் கட்டம் கிடையாது; மூன்றாம் கட்டத்திலேயே என்னுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில் நம் நாக்கின் பழக்கம் ஒன்று குறுக்கிடும். மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லின் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்க்காமல் நமக்கு வாய் மூடாது: 'சன்னு', 'வேனு', 'ஃபைனு'. அந்த உகரத்துக்கும் ஒரு கொட்டையைத் தள்ளிவிட்டால் கணக்கு நாலாகிவிடும். அதைவிடச் சிக்கல், கடைசி ஈதான் அந்த உகரம் என்று பிள்ளை நினைத்துக்கொள்வது. பிறகு எஸ்-யூ-என் என்பதற்குப் பின்னாலும் ஓர் ஈயைப் போடும். ஆகவே முதல் வாரத்திலேயே சொல்லை முடிக்கும் இடத்தில் நிறுத்தப் பழக்க வேண்டும். 'ன்' சொல்லி முடித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபடியே இருக்கட்டும், விடாதே என்றால் உகரம் வராது. ஆசிரியரே 'சன்னு' என்று சொன்னால் இதெல்லாம் வீண்.

அடுத்த கட்டத்துக்கு எப்போது போகலாம்? வகுப்பில் காட்டாத, ஐந்து ஓசையும் கலந்த 20 சொற்களைக் கொடுங்கள். 18ஐச் சரியாகப் படித்தால் போகலாம். இருபதில் சிலவற்றைப் பொருளில்லாத சொல்லாக வையுங்கள்: எஃப்-ஐ-எம், ஜே-ஓ-எம் போல. மனப்பாடத்தில் படிக்கும் பிள்ளை இங்கே நின்றுவிடும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்தும் ஒலிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப் புனைந்த சொற்களே. நம் அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையான அரும்பில் இருக்கும் குழந்தைக்கு ஊமை ஈ வேண்டவே வேண்டாம்.

ஊமை ஈக்கு மடக்குப் பட்டை ஒன்று போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, வலது ஓரத்தில் 3 செ.மீ. பின்பக்கம் மடியும்படி மடிப்புப் போடுங்கள். முன்பக்கத்தில் எஃப்-ஐ-என் எழுதுங்கள். ஐ சிவப்பு, மற்றவை கறுப்பு. மடிப்புப் பகுதியில் ஈயைப் புள்ளிக்கோட்டால் வரையுங்கள், ஒலிக்காது என்பது கண்ணுக்கே தெரியட்டும். மடித்தால் 'ஃபின்', விரித்தால் 'ஃபைன்'. குழந்தைக்குச் சொல்ல வேண்டிய விதி இவ்வளவுதான்: கடைசி ஈ பேசாது, நடுவில் ஒரே ஒரு மெய் இருந்தால் அதைத் தாண்டி முன்னால் நிற்கும் உயிரெழுத்தைத் தன் பெயரைச் சொல்லச் சொல்லும். எழுத்தின் பெயர் நம் பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே மனப்பாடம் என்பது இங்கே லாபம். 'மேஜிக் ஈ' என்று பெயர் வைப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை. வித்தை பலிக்காத சொல் முதல் பாடத்திலேயே வந்துவிடும்.

பட்டையை இரண்டு நாளுக்கு மேல் காட்டாதீர்கள். எப்போதும் ஜோடியாகவே பார்த்தால் 'முதலில் இப்படி, அடுத்து அப்படி' என்று பிள்ளை வரிசையை மனத்தில் வைத்துச் சொல்லிவிடும். மூன்றாம் நாள் சீட்டுகளைக் கலைத்துப் போடுங்கள். ஜோடி கிடைக்கிறது என்பதற்காகக் காற்றுத்திசைகாட்டி (வி-ஏ-என்-ஈ), குதிரைப் பிடரிமயிர் (எம்-ஏ-என்-ஈ) என்று பிள்ளை ஜென்மத்துக்கும் பயன்படுத்தாத சொற்களைத் திணிப்பதும் பயிற்சி ஏடுகளின் பழக்கம். பொருள் தெரியாத சொல் வாயில் நிற்காது.

பத்துத் தடவை பார்த்து எழுதச் சொல்வதைவிட, நாளைக்கு ஐந்து சொல் டிக்டேஷன் பல மடங்கு பயன் தரும். ஏனென்றால் பிழைதான் குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று காட்டும். 'சன்' என்றதும் எஸ்-ஏ-என் என்று எழுதுகிறதா? மலர், கவின், கமலா என்று தன் பெயரையும் தோழியின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதும்போது அகரத்துக்கு ஏ போட்டுப் பழகிய கை அது. அதே பழக்கத்தில் குமார், முருகன் என்று யூவை உகரமாகப் படித்த பிள்ளை எம்-யூ-ஜி என்பதை 'முக்' என்று படிக்கும். 'ஃபின்' என்றதற்கு எஃப்-ஈ-என் எழுதினால், ஈ என்ற பெயரை இகரத்தோடு சேர்த்துவிட்டது. 'லைக்' என்பதை எல்-ஏ-ஐ-கே என்று எழுதினால், வைகை, மலை என்று ஆங்கிலத்தில் எழுதும் கணக்கு. எல்-ஐ-ஈ-கே என்றால் ஈ வேண்டும் என்று தெரிந்துவிட்டது, இடம்தான் தெரியவில்லை. மடக்குப் பட்டையை ஒரு நாள் திரும்பக் காட்டினால் சரியாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புச் சுழியைப் போட்டு 'இம்போசிஷன்' கொடுத்தால் எதுவும் சரியாகாது.

'க்' ஓசையில் முடியும் சொற்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். குறுகிய ஓசைக்குப் பின் சி-கே, நீண்டதற்குப் பின் கே-ஈ. எல்-ஐ-சி-கே நக்குவது, எல்-ஐ-கே-ஈ பிடிக்கும் என்பது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் ஏற்காட்டில் படகுத்துறைப் பலகையில் இருக்கும் எல்-ஏ-கே-ஈ தானாகப் படிக்க வந்துவிடும்.

விதி எல்லா இடத்திலும் செல்லாது என்பதை மறைக்கக் கூடாது. 1963இல் தியோடர் கிளைமர் என்ற அமெரிக்கர் தொடக்கப் பள்ளி வாசிப்பு நூல்களின் சொற்களை எடுத்துச் சோதித்தபோது, இந்தக் கடைசி ஈ விதி 63 விழுக்காடு சொற்களுக்கே பொருந்தியது. மீதி தான்தோன்றித்தனமாக இருப்பதில்லை, ஈக்கு வேறு வேலை இருக்கிறது. வி என்ற எழுத்தில் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முடிவதில்லை, ஆகவே ஹேவ், கிவ், லவ் எல்லாவற்றுக்கும் பின்னால் ஈ வந்து நிற்கிறது. சி, ஜி இரண்டையும் மென்மையாக்கவும் ஈ தேவை: ஃபென்ஸ், சின்ஸ், ஆபீஸ். ரைஸ், ஃபேஸ், ஹ்யூஜ் போன்றவற்றில் இரண்டு வேலையையும் ஒரே ஈ செய்கிறது. ஹவுஸ், ஹார்ஸ், நர்ஸ் இவற்றில் அந்த எஸ் பன்மை அல்ல என்று காட்டுவதே அதன் பணி. கம் (சி-ஓ-எம்-ஈ), சம் (எஸ்-ஓ-எம்-ஈ), ஒன் (ஓ-என்-ஈ), கான் (ஜி-ஓ-என்-ஈ) போன்ற சிலவற்றை அப்படியே கண்ணால் பழக வேண்டியதுதான். ஆர் சேர்ந்த கேர், ஃபயர், மோர் வேறு பாடம், இந்த ஆண்டு வேண்டாம்.

முதல் ஆண்டில் ஓரசைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊர்ப் பலகைகளில் ஆபீஸ், சர்வீஸ், வில்லேஜ் என்று இரண்டசைச் சொற்கள் கண்ணில் படும், அங்கே விதி நிற்காது. பிள்ளை கேட்டால் 'அது பெரிய சொல், அப்புறம்' என்று சொல்லிவிடலாம். பலகையில் படிக்கத் தகுந்தவையும் நிறைய உண்டு: ஏற்காட்டுப் பாதையில் எச்-ஓ-எம்-ஈ, மாநகராட்சிப் பலகையில் இசட்-ஓ-என்-ஈ, ஆடி மாதம் துணிக்கடைகளில் எஸ்-ஏ-எல்-ஈ. கடைசியில் சொன்னதோடு ஓர் எம் சேர்த்தால் நம் ஊர்ப் பெயர். அங்கே ஈ கடைசியில் இல்லை, அதனால் ஊமையும் இல்லை; ஈ ஊமையாக எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்ட இதைவிடக் கைக்கெட்டிய சொல் சேலத்துப் பிள்ளைக்குக் கிடையாது.

'ரன்னிங்', 'ஷைனிங்' என்று சொல் நீளும்போது ஒன்றில் என் இரட்டிப்பதும் மற்றதில் ஈ விழுவதும் மூன்றாம் வகுப்புக்குரியது. குறுகிய ஓசையைக் காப்பாற்றத்தான் இரட்டிக்கிறது என்று அப்போது ஒரு வரி சொன்னால் போதும்.

மாணவர் பக்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் இவை. உச்சரிப்புப் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறு படம் போடுங்கள்; பொருளைத் தமிழில் தருவதில் தவறில்லை. வாரத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், எட்டும் ஒரே வரிசையாக இருக்கட்டும். உயிரெழுத்தைச் சிவப்பிலும் ஊமை ஈயைச் சாம்பல் நிறத்திலும் அச்சிட முடிந்தால் நல்லது. ஹேவ், கிவ், கம், ஒன் ஆகியவற்றைத் தனிப்பெட்டியில் போடுங்கள், விதிச் சொற்களோடு கலக்காதீர்கள். உச்சரிப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் தங்கள் இணையதளத்தில் ஒலிப்பதிவாகத் தரலாம். பக்கத்தின் ஓரத்தில் கியூஆர் குறியீடு ஒன்று போட்டால் பெற்றோர் செல்பேசியில் கேட்டுக்கொள்வார்கள். பதிவு செய்பவர் 'சன்னு' என்று மட்டும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சேலம், ஏற்காடு.